இரைச்சல் இல்லாத மீன்

நான் எடுத்த மீன் படங்களிலேயே சிறந்தது என்று நினைத்திருந்த ஒன்றை, ஓசூரில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரரிடம் போனில் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, செதில் செதிலாகப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் வந்திருக்குது. ஆனா மீனு செத்த மாதிரி இருக்குதேப்பா?"

"உயிரோடதாண்ணா இருந்துச்சு, எடுக்கறப்போ."

"எடுக்கறப்போன்னா?"

பதில் சொல்லாமல் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். படம் எடுத்த இரண்டாம் நாள் அந்த மீன் செத்துப்போயிருந்தது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் அதே படத்தைப் பார்த்துவிட்டு "என்ன ஷார்ப்!", "நாய்ஸே இல்லையே, எந்த லென்ஸ்?" என்றுதான் கேட்டிருந்தார்கள். மீனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் மீனைப் பற்றிப் பேசியவர், கேமராவைக் கையில் பிடித்தே இராத ஒரு மீன் வியாபாரி.

இந்தக் கட்டுரை அவருடைய அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. தொட்டி மீன் படம் என்பது இன்று தனி வகைமையாகவே ஆகிவிட்டது. அதற்கென்று ஒரு ரசனை உருவாகியிருக்கிறது. அந்த ரசனைக்கு அளவுகோல் இரண்டுதான்: கூர்மை வேண்டும், இரைச்சல் கூடாது. இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன, இவற்றை மட்டுமே வைத்துப் பார்க்கும் கண் எதைப் பார்க்காமல் விடுகிறது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

*

முதலில் இரைச்சல். ஒளி துகள் துகளாக வந்து விழுவது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழுகின்றன என்றால் ஒரு முறை 90 விழலாம், இன்னொரு முறை 110 விழலாம். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 100க்கு 10; அதாவது பத்தில் ஒரு பங்கு. 10,000 விழுந்தால் 100. நூறில் ஒரு பங்கு. படத்தின் இருண்ட பகுதிகளில் மணல் தூவினாற்போலத் தெரியும் இரைச்சலில் பெரும்பகுதி இதுதான். ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டியதால் இரைச்சல் வந்தது என்று சொல்வது வழக்கம். உண்மையில் ஒளி குறைவாக வந்ததால்தான் ஐஎஸ்ஓவைக் கூட்ட வேண்டியிருந்தது. குற்றவாளி பெரும்பாலும் பற்றாக்குறைதான்.

வீட்டுத் தொட்டியில் அந்தப் பற்றாக்குறை எப்போதும் உண்டு. மேலே இருக்கும் எல்ஈடி விளக்கு நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும். கேமராவுக்கு அது அந்தி வெளிச்சம். மீனோ நிற்காது. அதன் வேகத்தை உறைய வைக்க ஷட்டர் 1/250 நொடியாவது வேண்டும். வாலிலிருந்து மூக்கு வரை தெளிவாக விழ எஃப் 8 வேண்டும். இரண்டையும் கொடுத்தால் ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறிவிடுகிறது. இதற்கு நெடுங்காலமாகத் தெரிந்த தீர்வு ஃப்ளாஷ். அதைக் கேமராவின் மேல் வைத்தால் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். தொட்டியின் மேலே, நீரைப் பார்த்தபடி வைத்தால் ஒளி நதியில் விழுவதைப் போல மேலிருந்து இறங்கும். குறைந்த சக்தியில் அந்த மின்னல் ஒரு நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீடிக்கும் என்பதால் மீனின் துடுப்பு அசைவும் உறைந்துவிடும். ஐஎஸ்ஓ 200 போதும்.

கூர்மைக்கு வேறு விதிகள். லென்ஸ் கண்ணாடிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33; சாய்வாகப் பார்த்தால் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு கோணத்தில் வளைந்து, செதில் ஓரங்களில் நீலமும் சிவப்புமாகக் கசியும். 20 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும் மீன் 15 சென்டிமீட்டரில் இருப்பதாகத் தெரியும். கண்ணாடியை வெளியேயும் உள்ளேயும் துடைக்க வேண்டும், அறையை இருட்டாக்க வேண்டும், கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியாக எல்லோரும் சொல்லும் விதி: கண்ணில் ஃபோகஸ் வை.

தளியிலிருந்து கிழக்கே போய், கிருஷ்ணகிரி தாண்டி, ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர் வரும். 1977ல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்த அவதானிப்புகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. விண்மீனைப் படமெடுப்பவர்களுக்கும் இதே ஒளிப் பற்றாக்குறைதான். ஆனால் அவர்களிடம் ஒரு வழி இருக்கிறது. ஒரே வானத்தை நூறு முறை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி பார்த்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிவிடும். விண்மீன் நகர்ந்தாலும் எங்கே போகும் என்று கணக்கு உண்டு. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், மீன். ஆனால் தொட்டியில் இருப்பது கணக்குக்குள் வராதது. நூறு படம் எடுத்தால் நூறிலும் வேறு இடத்தில் இருக்கும். அது உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கூர்மையைத் தேடிப்போகிறவனுக்கு மீனின் உயிரே இடைஞ்சலாகிவிடுகிறது.

*

இந்த இடைஞ்சலை ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்திருக்கிறது.

மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக வந்து, மீன்களில் மனதைப் பறிகொடுத்தவர் ஃபிரான்சிஸ் டே. 1875க்கும் 1878க்கும் இடையில் வெளிவந்த அவருடைய 'இந்தியாவின் மீன்கள்' நூலின் படத் தகடுகளை இன்றைக்கும் மீனியலாளர்கள் புரட்டுகிறார்கள். பக்கவாட்டுக் கோட்டில் எத்தனை செதில், முதுகுத் துடுப்பில் எத்தனை முள் என்று எண்ணிவிடலாம். அவ்வளவு கூர்மை. இரைச்சல் அறவே இல்லை. காரணம் எளியது: வரையப்பட்டவை செத்த மீன்கள். தலை இடப்பக்கம், வால் வலப்பக்கம், துடுப்புகள் விரித்து வைக்கப்பட்டவை. பின்னணி வெறும் காகிதம். அந்த மீன் எந்த ஆற்றில், எந்த வேகத்தில், எத்தனை பேரோடு நீந்தியது என்பதற்குத் தகட்டில் இடமில்லை. அதை எழுத்தில் சொல்ல முயன்றார். டே நேர்மையானவர் என்றே நினைக்கிறேன். செத்ததைச் செத்தது போலவே காட்டினார். உயிருள்ளது போன்ற பாவனை அந்தத் தகடுகளில் இல்லை.

உயிரோடு எடுக்க ஆசைப்பட்டவர்கள் வெளிச்சத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1926ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா அருகே டிரை டோர்டுகாஸ் தீவுக் கடலில் விஞ்ஞானி லாங்லியும் நேஷனல் ஜியாக்ரஃபிக் படக்கலைஞர் சார்லஸ் மார்ட்டினும் நீருக்கடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தார்கள். அன்றைய வண்ணத் தகடுகள் ஒளியை மிக மெதுவாக வாங்குபவை. எனவே கடல் மேல் ஒரு தெப்பத்தை மிதக்கவிட்டு, அதில் மக்னீசியம் பொடியை வைத்து வெடிக்கவைத்தார்கள். ஒரு மீனைப் பார்க்க அவ்வளவு நெருப்பு. லாங்லி தீக்காயமும் பட்டார். படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் மீன் தன் வீட்டில் இருக்கிறது. விலையை மனிதர் கொடுத்தார். மீன் படத்தின் வரலாற்றில் இது அபூர்வம்.

நமக்கோ மீனைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் பழக்கம் அதற்கும் முந்தியது. மெரினாவில் 1909லேயே மீன் காட்சியகம் திறந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்படும்வரை சென்னை மக்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்று கடல் மீனைக் கண்ணாடியில் பார்த்தார்கள். இன்று கொளத்தூரின் தெருக்களில் கடை கடையாக நடக்கும் வண்ண மீன் வியாபாரம்வரை அந்தப் பார்வை வந்து சேர்ந்திருக்கிறது.

*

தொட்டிப் படத்தைக் கலையாக்கியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஜப்பானின் தகாஷி அமானோ. 1954ல் நீகாதாவில் பிறந்தவர், சைக்கிள் பந்தய வீரர், பிறகு காட்டையும் மலையையும் பெரிய ஃபிலிம் கேமராக்களில் எடுத்த நிலக்காட்சிப் படக்கலைஞர். அதே கண்ணைத் தொட்டிக்குத் திருப்பினார். கல், கட்டை, பாசி, புல் என்று ஒரு மலைச்சரிவையே தொட்டிக்குள் அமைத்தார். அவர் படங்களில் மீன் சிறியது. கூட்டமாக, தூரத்தில், காட்டின் மேல் பறக்கும் பறவைகளைப் போல. லிஸ்பன் நகரில் 2015ல் அவர் கடைசியாக அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம், ஒரு லட்சத்து அறுபதாயிரம் லிட்டர். அதே ஆண்டில் காலமானார்.

அமானோவின் படங்களை எனக்குப் பிடிக்கும். மீனை இடத்தோடு காட்டியவர் அவர். ஆனால் அவர் தொடங்கிய மரபு இன்று எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்தால் ஒரு சங்கடம். 2001 முதல் அவருடைய நிறுவனம் நடத்தும் உலகத் தொட்டி அலங்காரப் போட்டியில் நடுவர்கள் தொட்டியைப் பார்ப்பதில்லை. அனுப்பப்படும் புகைப்படத்தைத்தான் பார்க்கிறார்கள். படமெடுக்கும் முன் குழாய், வடிகட்டி, ஹீட்டர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுவது வழக்கம். சிலர் நீர்ப்பரப்பில் சிற்றலை தெரிவதற்காகத் தலைமுடி காயவைக்கும் கருவியைப் பிடிப்பதும் உண்டு. அதாவது மீனுக்கு மூச்சுக் கொடுப்பது வெளியே போய், படத்துக்கு மூச்சுக் கொடுப்பது உள்ளே வருகிறது. படம் எடுத்து முடிந்ததும் குழாய் திரும்பிவிடும், அதனால் மீனுக்குப் பெரிய கேடில்லை என்று வாதிடலாம். சரிதான். ஆனால் தொட்டியின் படமாக இருந்தது, படத்துக்கான தொட்டியாகிவிட்டது.

அடுத்த படி, இடத்தையே எடுத்துவிடுவது. தாய்லாந்தின் விசாருத் அங்கதவனிச் எடுத்த பீட்டா மீன் படங்களை நீங்கள் பெயர் தெரியாமலே பார்த்திருக்கலாம். வெள்ளை அல்லது கறுப்பு வெளி. நடுவில் ஒரே மீன். பட்டுப்புடவை முந்தானை காற்றில் விரிந்தாற்போல வாலும் துடுப்பும். தொழில்நுட்பமாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அசாத்தியமான பொறுமை. ஆனால் அந்த வகைப் படங்கள் பெருகிய பிறகு பீட்டா என்றாலே நாட்டியம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். பீட்டா வயலின் தேங்கிய நீரில் வாழும் மீன். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. தாய்லாந்து 2019ல் அதைத் தேசிய நீர்வாழ் உயிரியாக அறிவித்தது. அது செவுளையும் துடுப்பையும் முழுக்க விரிப்பது பெரும்பாலும் இன்னொரு ஆண் மீனைப் பார்த்த ஆத்திரத்தில். படமெடுப்பவர்கள் பலர் அதற்காகக் கண்ணாடித் துண்டைக் காட்டுவார்கள். நாம் நாட்டியம் என்று ரசிப்பது தன் நிழலோடு அது போடும் சண்டை. பின்னணியில் ஒன்றுமே இல்லாததால் சண்டை எதனோடு என்று நமக்குத் தெரிவதில்லை.

*

என் மீனுக்கு வருகிறேன். கடைகளில் அதற்குப் பெயர் மிஸ் கேரளா. ஃபிரான்சிஸ் டே 1865ல் விவரித்து, அன்றைய மதராஸ் கவர்னர் டெனிசனின் பெயரைச் சூட்டிய அதே மீன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் மட்டும் இருப்பது. மூக்கிலிருந்து கண் வழியாக உடலின் பாதிவரை ஒரு சிவப்புக் கோடு. அதன் கீழே நெடுக ஒரு கறுப்புக் கோடு. மலையாளத்தில் செங்கணியான், சோரக்கண்ணி என்றெல்லாம் பெயர். சோரை என்றால் இரத்தம். ஊர்க்காரர்கள் கண்ணைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், டே மேலதிகாரியைப் பார்த்து வைத்தார்.

1997ல் சிங்கப்பூர் அக்வாரமா கண்காட்சியில் பரிசு வாங்கிய பிறகு உலகமே இதைக் கேட்டது. 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான, அழிவு அபாயத்தில் உள்ள நன்னீர் மீன்கள் பதினைந்து லட்சத்துக்கு மேல் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரிய பங்கு வகித்த இனங்களில் இதுவும் ஒன்று, மூன்று லட்சத்துக்கு மேல். பெரும்பாலும் ஆற்றில் பிடித்தவை. இன்று இது அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பண்ணையில் குஞ்சு பொரிக்கவைக்கும் முறைகள் பிறகு வந்தன. இதை நேரில் பார்த்து ஆசைப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மற்றவர்கள் ஆசைப்பட்டது படத்தைப் பார்த்துத்தான். நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன்.

இது குளிர்ந்த, ஓடும் நீருக்குப் பழகிய மீன். ஓசூர்ப் பக்கம் 'லிட்டில் இங்கிலாந்து' என்று அழைக்கப்படும் தளியின் குளிருக்கு ஹீட்டரே வேண்டாம் என்று கடைக்காரர் அண்ணா சொல்லித்தான் ஆறு மீன் வாங்கினேன். நான்கடித் தொட்டியில் ஆறும் ஒன்றாக, ஒரு வளைவு விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். படத்துக்கு உட்காரவே உட்காராது. மூன்று வாரக் கடைசிகளில் எடுத்த நானூறு படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாம் கலங்கல், பாதி மீன், வால் மட்டும்.

அப்புறம்தான் நிபுணர்கள் சொல்லும் அந்த வழிக்குப் போனேன். நான்கு அங்குல அகலத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. பின்னால் கறுப்புத் துணி. குமிழி படத்தில் விழும் என்று ஏர் பம்ப்பை நிறுத்தினேன். ஆறில் அழகானதைத் தனியாக எடுத்து விட்டேன். அது முதலில் கண்ணாடியில் முட்டியது. பிறகு மெல்ல அடங்கியது. அடங்கியதும் நான் மகிழ்ந்தேன். இரண்டரை மணி நேரம். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, மேலே இரண்டு ஃப்ளாஷ். கண்ணின் வளையம் வரை துல்லியம்.

அப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவர். வாசலில் வந்து நின்று, "அது ஏன்டா ஒரே எடத்துல நிக்குது?" என்றார். "போஸ் குடுக்குதுப்பா" என்றேன்.

மீன் செத்த பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாமே அதில் இருந்தது. செவுள் மூடி அகலத் திறந்து உள்ளே சிவந்திருந்தது. துடுப்புகள் உடலோடு ஒட்டியிருந்தன. உடலின் சிவப்புக் கோடு, தொட்டியில் மற்ற ஐந்திலும் இருந்ததைவிட வெளிறியிருந்தது. மூச்சுக்குத் திணறும் மீனின் அடையாளங்கள் ஒன்று விடாமல், இரைச்சல் துளியும் இல்லாமல் பதிவாகியிருந்தன. லென்ஸ் ஒளிக்கவில்லை. நான்தான் கூர்மையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர மீனைப் பார்க்கவில்லை. கடைக்காரர் பார்த்தார். அவருக்கு மீன் செத்தால் நஷ்டம். அந்தப் பயம் அவர் கண்ணைப் பழக்கியிருக்கிறது.

*

இதனால் கூர்மையே பொய், மங்கலே மெய் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது சுலபமான கவித்துவம். இரைச்சல் நிறைந்த படம் தானாகவே நேர்மையானதாகிவிடாது. அதுவும் ஒரு பாவனைதான். என் படம் கூர்மையாக இருந்ததால்தான் பிறகாவது எனக்குத் தெரிந்தது. செதில் எண்ண வேண்டிய மீனியலாளருக்கும், வெண்புள்ளி நோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ள வேண்டிய மீன் வளர்ப்பவருக்கும் கூர்மை தேவை.

இப்போது இரைச்சலை நீக்க செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்துவிட்டன. நானும் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுபவன், அவை வேலை செய்யும் விதம் ஓரளவு தெரியும். இலட்சக்கணக்கான படங்களில் கற்றதை வைத்து, இந்த இடத்தில் செதில் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து அவை வரைகின்றன. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை முகத்தை வழவழவென்று ஆக்குவதைப் போல. வந்து விழாத ஃபோட்டானை வந்ததாகக் கணக்கு எழுதுவது அது. டேயின் தகட்டில் எண்ணிய செதில் மீனில் இருந்தது. இந்தப் படத்தில் எண்ணும் செதில் எங்கே இருந்தது?

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை அங்கே வெள்ளை நுரையாகப் பொங்குவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த ஆற்றைக் கடந்து வேலைக்குப் போய்விட்டு, மாலையில் வீடு திரும்பி, தொட்டியின் நீரைக் கரி போட்டு வடிகட்டிக் கண்ணாடி போலத் தெளிவாக்கிப் படமெடுக்கிறேன். படத்தைப் பார்ப்பவர் இந்தியாவில் மீன்கள் எவ்வளவு தூய நீரில் வாழ்கின்றன என்றுதான் நினைப்பார். ஒரு சட்டகத்தில் இரைச்சலை நீக்கும்போது அது எங்கும் இல்லாததைப் போன்ற தோற்றமும் வந்துவிடுகிறது.

மீன் தன் பார்வையாலேயே முட்டைகளைப் பொரிக்கும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. மதுரை மீனாட்சியின் பெயருக்கு அந்த விளக்கமும் சொல்வார்கள். இமைக்காமல் பார்த்துக் காப்பது. கண்ணில் ஃபோகஸ் வை என்ற விதியை இப்போது அதோடு சேர்த்துத்தான் நினைத்துக்கொள்கிறேன். பார்ப்பதில் காப்பதும் ஒரு பங்கு என்று.

சின்னப் பெட்டியை மொட்டை மாடியில் கொத்தமல்லி விதைக்கக் கொடுத்துவிட்டேன். ஐந்து மீன்களும் பெரிய தொட்டியில்தான் இருக்கின்றன. ஏர் பம்ப் ஓடுகிறது. தொட்டியின் மேலே ஒரு ஃப்ளாஷ், லென்ஸ் கண்ணாடிக்கு நேராக, அவை வழக்கமாக வளைந்து திரும்பும் இடத்தில் ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவை தாமாக அந்த இடத்துக்கு வர வேண்டும். சில நாள் ஒரு படமும் வராது.

போன மாதம் ஒன்று வந்தது. இரண்டு மீன் தெளிவு, மூன்று கலங்கல், ஓரத்தில் குமிழிகள், கீழே கொஞ்சம் பாசி. கடைக்காரர் அண்ணாவிடம் காட்டினேன். இம்முறை அவர் பெரிதாக்கவில்லை.

"அஞ்சுதான் இருக்குது. ஆறு குடுத்தேனே?"

அன்றைக்கு அவரிடம் சொன்னேன்.